மனநல சிகிச்சை: உங்கள் விருப்பத்தை முன்கூட்டியே எழுதி வைப்பது எப்படி?

2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் ஒரு மனநலக் காப்பகம் தீப்பிடித்தது. சங்கிலியில் பிணைக்கப்பட்டிருந்த 28 பேர் தப்பிக்க வழியில்லாமல் இறந்துபோனார்கள். மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017 யாரையும் எந்த வகையிலும் சங்கிலியிடக் கூடாது என்கிறது (பிரிவு 95). இது பலருக்கும் தெரியும். அதே சட்டத்தின் 5-ஆம் பிரிவு தரும் உரிமையைத்தான் யாரும் பேசுவதில்லை. நாளை நம்மால் முடிவெடுக்க இயலாமல் போனால் எப்படிச் சிகிச்சை தர வேண்டும், எப்படித் தரவே கூடாது என்று இன்றே எழுதி வைக்கலாம். இதற்கு அட்வான்ஸ் டைரக்டிவ் என்று பெயர். 18 வயது நிரம்பிய யாரும் எழுதலாம். ஏற்கெனவே சிகிச்சை பெற்றிருந்தாலும் சரி, பெறாவிட்டாலும் சரி.

படி 1: தெளிவாக இருக்கும் நாளில் உட்காருங்கள்

பழைய மருந்துச் சீட்டுகளை எடுத்து வையுங்கள். எந்த மாத்திரை ஒத்துக்கொண்டது, எது கை நடுக்கம் தந்தது, எதற்கு அலர்ஜி என்று குறித்துக்கொள்ளுங்கள். சீட்டு இல்லையென்றால் சிகிச்சை பெற்ற மருத்துவமனையிலேயே கேளுங்கள். உங்கள் மருத்துவப் பதிவுகளைப் பார்க்க உங்களுக்கு உரிமை உண்டு (பிரிவு 25).

படி 2: வேண்டும், வேண்டாம்

பத்திரத்தின் உயிர் இங்கேதான் இருக்கிறது. 'என்னை மரியாதையாக நடத்துங்கள்' என்று எழுதினால், இரவுப் பணியில் இருக்கும் டாக்டர் அதை வைத்து என்ன செய்வார்? இப்படி எழுதுங்கள்: 'இந்த மருந்து எனக்கு வேண்டாம், முன்பு கழுத்து இழுத்துக்கொண்டது. பதிலாக இது ஒத்துக்கொண்டது.' 'தனி அறையில் பூட்டினால் என் பதற்றம் கூடும். என் அக்காவோடு போனில் பேசவிட்டால் அடங்கும்.' ஷாக் ட்ரீட்மென்ட் பற்றி உங்கள் கருத்து எதுவானாலும் ஒளிக்காமல் எழுதுங்கள். மயக்க மருந்து கொடுக்காமல் ஷாக் தருவதைச் சட்டமே தடை செய்திருக்கிறது. மயக்க மருந்தோடு தருவதும் உங்களுக்கு வேண்டாமென்றால் நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

படி 3: உங்கள் சார்பில் பேசுபவர்

சட்டம் இவரை நியமனப் பிரதிநிதி என்கிறது. ஒருவருக்கு மேல் முன்னுரிமை வரிசையில் குறிப்பிடலாம். வயது வந்தவராக இருக்க வேண்டும், அவரது எழுத்துபூர்வ ஒப்புதலும் வேண்டும். உறவினராகத்தான் இருக்க வேண்டும் என்று இல்லை. மருத்துவமனையில் கட்டாயமாகச் சேர்த்தபோது கையெழுத்துப் போட்டவர்கள் பெரும்பாலும் வீட்டார்தான் என்பதால், மீண்டு வந்த பலர் நண்பரையே நம்புகிறார்கள். அதில் தப்பேதும் இல்லை. யாரையும் நியமிக்காவிட்டால் சட்டப்படி அடுத்த இடம் உறவினருக்குத்தான்.

படி 4: கையெழுத்து, பதிவு

நீங்களும் பிரதிநிதியும் கையெழுத்திடுங்கள், இரண்டு சாட்சிகள் வேண்டும். அப்புறம் இந்தச் சட்டத்தின் கீழ் அமைக்கப்படும் மனநல மறுஆய்வு வாரியத்தில் பதிவு செய்யுங்கள். வாரியம் எங்கே இருக்கிறது, எப்படி அணுகுவது என்பதற்கு மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் கேளுங்கள். இந்தச் சட்டத்தின் கீழ் உங்களுக்கு இலவசச் சட்ட உதவியும் உண்டு (பிரிவு 27).

படி 5: நகல்கள்

இதில் அசட்டையாக இருந்தால் மற்றதெல்லாம் வீண். பத்திரம் தேவைப்படும்போது டாக்டர் கைக்குப் போய்ச் சேர்வதை உறுதிசெய்வது உங்கள் பொறுப்பும் பிரதிநிதியின் பொறுப்பும்தான். நகல் கிடைக்காத டாக்டர் அதைப் பின்பற்றாவிட்டால் அவர்மேல் குற்றம் இல்லை. பிரதிநிதியிடம் ஒன்று, வழக்கமாகப் பார்க்கும் டாக்டரின் ஃபைலில் ஒன்று, போனில் ஒரு போட்டோ என வைத்துக்கொள்ளுங்கள்.

வரம்புகளையும் தெரிந்துகொள்ளுங்கள். அவசர சிகிச்சைக்கு இந்தப் பத்திரம் பொருந்தாது. ஆனாலும் அவசரம் என்று சொல்லி ஷாக் கொடுக்கச் சட்டம் இடம் தரவில்லை (பிரிவு 94). டாக்டரோ உறவினரோ உங்கள் விருப்பத்தை மீற நினைத்தால், வாரியத்தில் மனுப் போட்டுத்தான் மாற்ற முடியும். உங்களுக்கே முடிவெடுக்கும் திறன் இருக்கும்வரை பத்திரத்துக்கு வேலை இல்லை, அந்த நேரத்தில் நீங்கள் சொல்வதே செல்லும். மனம் மாறினால் எப்போது வேண்டுமானாலும் திருத்தலாம், ரத்தும் செய்யலாம். முதலில் எழுதியபோது செய்த அதே நடைமுறைதான். பழைய நகல்களைத் திரும்ப வாங்கிக் கிழித்துவிடுங்கள்.