டிஸ்டில்டு வாட்டர் குடிக்கலாமா? எப்படி முடிவு செய்வது

இன்வெர்ட்டர் பேட்டரிக்கு ஊற்ற பெட்ரோல் பங்கிலும் பேட்டரிக் கடையிலும் விற்கும் டிஸ்டில்டு வாட்டரைக் குடிக்காதீர்கள். பல கேன்களில் இருப்பது காய்ச்சி வடித்த தண்ணீரே இல்லை, ரெசின் என்ற சின்ன மணிகள் வழியாக விட்டு உப்பை மட்டும் நீக்கிய தண்ணீர். அந்தக் கேனும் அதை நிரப்பும் இடமும் குடிநீருக்காக ஏற்பட்டவை அல்ல, கிருமி இருக்கிறதா என்று யாரும் பார்ப்பதில்லை.

சரி, சுத்தமான பாத்திரத்தில் முறையாகக் காய்ச்சி வடித்ததைக் குடித்தால்? ஒன்றும் ஆகாது. அது எலும்பில் இருக்கும் கால்சியத்தை உறிஞ்சிவிடும் என்று வரும் வாட்ஸ்அப் செய்திகளை நம்ப வேண்டாம், உடம்பின் கழிவையெல்லாம் கழுவி எடுத்துவிடும் என்பதையும் நம்ப வேண்டாம், அந்த வேலையை சிறுநீரகம் பார்த்துக்கொள்கிறது. அந்தத் தண்ணீரில் தாது உப்பு கிடையாது, அவ்வளவுதான். லிட்டருக்கு 50 மில்லிகிராம் கால்சியம் உள்ள தண்ணீரை நாளுக்கு 2 லிட்டர் குடித்தால் கிடைப்பது 100 மில்லிகிராம். பெரியவர்களுக்கு நாளுக்கு இவ்வளவு வேண்டும் என்று ஐ.சி.எம்.ஆர். (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) சொல்வது 1000. மீதி எல்லாம் சாப்பாட்டிலிருந்துதான் வருகிறது, 100 கிராம் கேழ்வரகிலேயே 300க்கு மேல் இருக்கிறது. அதனால் பாலும் தயிரும் கீரையும் சாப்பிடுகிறவருக்கு இது பெரிய இழப்பில்லை. எனக்குக் கவலையெல்லாம் கஞ்சியும் ரசம் சாதமுமாக நாளை ஓட்டும் வயதானவர்களைப் பற்றித்தான், அவர்களுக்கு அந்த 100 மில்லிகிராமும் கணக்குதான்.

இதை ஏன் இவ்வளவு சொல்கிறேன் என்றால், சென்னையில் பல வீடுகளில் ஏற்கெனவே கிட்டத்தட்ட டிஸ்டில்டு வாட்டரைத்தான் குடிக்கிறோம். ஆர்.ஓ. சர்வீஸுக்கு வருபவர் டிடிஎஸ்ஸை, அதாவது ஒரு லிட்டர் தண்ணீரில் கரைந்திருக்கும் உப்புகளின் அளவை (மில்லிகிராமில்), 20க்குக் கொண்டுவந்துவிட்டு "சூப்பரா இருக்கு சார்" என்று சொல்லிவிட்டுப் போகிறார், நாமும் எண் குறையக் குறைய நல்லது என்று நினைத்துக்கொள்கிறோம். ஒரு டிடிஎஸ் மீட்டர் வாங்குங்கள், விலை குறைவுதான். முதலில் குழாய்த் தண்ணீரை அளந்து பாருங்கள். பி.ஐ.எஸ். (இந்தியத் தர நிர்ணய அமைவனம்) குடிநீர் தரத்தில் ஏற்கத்தக்க அளவு 500, வேறு தண்ணீரே கிடைக்காத இடத்தில் 2000 வரை விடுகிறார்கள். மெட்ரோ வாட்டர் 500க்குள் வருகிறது என்றால் ஆர்.ஓ.வே வேண்டாம், வடிகட்டி, கொதிக்கவைத்துக் குடித்தால் போதும். தேசிய பசுமைத் தீர்ப்பாயமும் 2019இல் 500க்குக் குறைவான இடங்களில் ஆர்.ஓ.வைத் தடை செய்யத்தான் சொன்னது. ஓ.எம்.ஆர். பக்கம் உப்பு போர்வெல்லையும் லாரித் தண்ணீரையும் நம்பி இருப்பவர்களுக்கு ஆர்.ஓ. தேவைப்படலாம், ஆனால் 20க்கு இறக்கத் தேவையில்லை. மெஷினில் டிடிஎஸ் அட்ஜஸ்டர் என்று ஒரு சின்ன திருகு இருக்கும், 100, 150 வரும்படி வைக்கச் சொல்லுங்கள். ஒன்று கவனியுங்கள், அப்படித் திறக்கும்போது கொஞ்சம் தண்ணீர் ஆர்.ஓ. சவ்வுக்குள் போகாமலே கலக்கிறது, எனவே மூலத் தண்ணீர் மோசமாக இருந்தால் இதைச் செய்யக் கூடாது.

மோசமா இல்லையா என்பதை மீட்டர் சொல்லாது. சாக்கடை கலந்த தண்ணீருக்குக்கூட அது 300 என்று காட்டலாம், அதனால் ஒரு முறையாவது லேபில் கொடுத்துப் பாருங்கள். கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் தண்ணீர்ப் பரிசோதனை செய்கிறார்கள். மழை விட்டு ரோட்டில் தண்ணீர் நின்ற பிறகு கண்டிப்பாகக் கொடுங்கள்.

வீட்டிலேயே வடிக்கும் மெஷின் வாங்கலாமா என்று கேட்பவர்கள் கரண்ட் பில்லையும் யோசிக்க வேண்டும். ஒரு லிட்டரை ஆவியாக்க சுமார் 0.7 யூனிட் ஆகும். நாளுக்கு 10 லிட்டர் என்றால் 7 யூனிட், இரண்டு மாத பில்லில் 400 யூனிட்டுக்கு மேல் கூடுதலாக வந்து நிற்கும்.

வடித்த தண்ணீரோ ஆர்.ஓ. தண்ணீரோ, அதில் குளோரின் இருக்காது, மூடாமல் வைத்தால் கிருமி எளிதாக வளரும். எவர்சில்வரிலோ கண்ணாடியிலோ மூடி வையுங்கள், ஓரிரு நாளில் தீர்த்துவிடுங்கள். செம்புக் குடத்தில் ராத்திரி முழுக்க வைக்க வேண்டாம், தாது இல்லாத தண்ணீர் உலோகத்தை அதிகமாகக் கரைக்கும்.

அப்புறம், கிட்னி கல் வந்தவர்கள் பயந்துபோய் டிஸ்டில்டு வாட்டருக்கு மாறுகிறார்கள். தண்ணீரில் உள்ள கால்சியத்தைவிட, குடிக்கும் அளவுதான் இங்கே முக்கியம். சாப்பாட்டில் போதுமான கால்சியம் இருந்தால் அது கல் உண்டாக்கும் ஆக்ஸலேட் என்ற பொருளைக் குடலிலேயே பிடித்துக்கொள்கிறது, அதனால் பாலையும் தயிரையும் நிறுத்திவிடாதீர்கள். டாக்டர் தண்ணீருக்கு அளவு வைக்காதவரை, நாளுக்கு இரண்டரை லிட்டர் சிறுநீர் போகும் அளவுக்குக் குடியுங்கள். நம் ஊர் மே மாத வெயிலில் அதற்கு மூன்று லிட்டருக்கும் மேல் ஆகும், சிறுநீர் அடர் மஞ்சளாகப் போனால் இன்னும் போதவில்லை என்று அர்த்தம்.