‘மயை’ வேறு, ‘மளை’ வேறு: பிள்ளைகளுக்கு ழகரம் பழக்கும் முறை

வடசென்னையில் ராயபுரம், வியாசர்பாடிப் பக்கம் வாழைப்பழத்தை ‘வாயப்பயம்’ என்பது குறை இல்லை, வட்டாரப் பேச்சு. வீட்டில் அது அப்படியே இருக்கட்டும். மேடைக்கும் வகுப்பு வாசிப்புக்கும் ழகரம் தனியாகக் கைவந்தால் போதும். எல்லாப் பிள்ளைக்கும் ‘நாக்கை மடி’ என்று ஒரே யோசனை சொல்வதில்தான் சிக்கல்.

மழையைப் பிள்ளை ‘மயை’ என்றால் நாக்கு நுனி கீழேயே கிடக்கிறது, நடுநாக்கு மட்டும் எழும்புகிறது. ‘மளை’ என்றால் நுனி மேலே போய் அண்ணத்தில் ஒட்டிக்கொள்கிறது. முதல் பிள்ளைக்கு நுனியைத் தூக்கப் பழக்க வேண்டும். இரண்டாவது பிள்ளைக்கு ஒட்டாமல் நிறுத்த. இந்தப் பிள்ளையிடம் ‘இன்னும் மடி’ என்றால் ளகரம்தான் அழுத்தமாக வரும்.

நாக்குக்கு முன் காது. வலி, வளி, வழி என்று மூன்று சீட்டில் எழுதி வையுங்கள். வாயைத் தாளால் மறைத்துக்கொண்டு அவற்றை மாற்றி மாற்றிச் சொல்லுங்கள்; பிள்ளை உரிய சீட்டைத் தொட்டுக் காட்டட்டும். 10க்கு 8 சரியாகும்வரை வாய்ப்பயிற்சி வேண்டாம்.

பிறகு, மேற்பல்லுக்குப் பின்னால் நுனியை வைத்து ‘ல்ல்ல்’ என்று இழுக்கச் சொல்லுங்கள். குரலை விடாமல் நுனியைப் பின்னால் தேய்த்துக்கொண்டே போனால் மேடு தாண்டி வழுவழுப்பான குழிவு வரும். அங்கே நுனியின் அடிப்பக்கம் பட்டால் ள. அங்கிருந்து நூலளவு இறக்கினால் ழ. சந்தேகமா? நாக்கை அசைக்காமல் மூச்சை உள்ளே இழுக்கட்டும். ளகரத்தில் நாக்கின் ஓரங்கள் மட்டும் ஜில்லென்றிருக்கும்; ழகரத்தில் நடுவிலும் காற்று ஓடும்.

மணலி, புளியந்தோப்பு, புழல்: மூன்று எழுத்துக்கும் நம்ம ஏரியாவிலேயே ஊர்ப்பெயர் இருக்கிறது. மூலக்கொத்தளத்தில் லவும் ளவும் சேர்ந்தே வரும்.

ழகரத்தில் தமிழ்ச் சொல் தொடங்காது என்பதால் யாழ், ஆழ் என்று இறுதியில் நீட்டிப் பழக்குவது சுலபம். அடுத்து மழை, புழல். கிழமை, கிழவி கடைசியில்தான்: இகரத்துக்கு நடுநாக்கு ஏற்கெனவே மேலே ஏறியிருக்கும், யகரத்துக்கு வழுக்கிவிடும். பள்ளிகளில் எடுத்ததுமே கொடுக்கும் ‘ஏழைக் கிழவன் வாழைப்பழம்’ நாப்பயிற்சியை அதற்கும் பிறகு வையுங்கள். வேகம் கூடினால் நுனி பழைய இடத்துக்கே ஓடும்.

ஒரு நாளைக்கு 5 நிமிடம் போதும். வாரக்கணக்கில் செய்தும் சீட்டுச் சோதனையே தேறவில்லை என்றால் நாக்கை வதைக்காதீர்கள். ஸ்டான்லி மருத்துவமனையில் காது மூக்கு தொண்டைப் பிரிவில் முதலில் காதைக் காட்டுங்கள்.