முதல்ல லத்தியை எண்ணுங்க

பெங்களூருல யெலஹங்காவைத் தாண்டி ஒரு லாயத்துல எட்டுக் குதிரைங்களைப் பார்த்துக்கறேன். எங்கப்பாவும் சைஸ்தான், அதாவது குதிரை பராமரிக்கறவர். அல்சூர் வீட்ல இருந்து விடியக்காலம் நாலு மணிக்கே சைக்கிள்ல ரேஸ் கோர்ஸ் ரோட்டுக்குக் கிளம்பிடுவார். புதுசா குதிரை வாங்கினவங்க என்கிட்ட, "என்ன மருந்து வாங்கி வெக்கணும்ணா?"ன்னு கேட்பாங்க. ஒரு தெர்மாமீட்டரும் ஒரு நோட்டும் வாங்குங்கன்னு சொல்லுவேன். மூஞ்சி சுருங்கிடும்.

காலையில தீனி வெக்கறதுக்கு முன்னாடி தரையைப் பாருங்க. நல்லா இருக்கற குதிரை ஒரு நாளைக்கு எட்டு, பத்து தடவை லத்தி போடும். உருண்டை கீழ விழுந்ததும் உடையணும். சின்னதா, கெட்டியா, மேல சளி பூசின மாதிரி இருந்தா தண்ணி பத்தலைன்னு சந்தேகப்படுங்க. ஒரு குதிரைக்கு நாளைக்கு 25 முதல் 40 லிட்டர் வரைக்கும் வேணும். ஜனவரியில எங்க ராணி வாளியில மூக்கை வெச்சுட்டு அப்படியே திரும்பிக்குவா. ஒரு சொம்பு வெந்நீர் கலந்தா குடிச்சிடுவா.

நோட்டுல மூணு கணக்கு எழுதி வெச்சுக்குங்க. சும்மா நிக்கும்போது உடம்புச் சூடு 37.5 முதல் 38.5 டிகிரி செல்சியஸ், நாடி நிமிஷத்துக்கு 28 முதல் 44, மூச்சு 8 முதல் 16. நாடி பார்க்கறதுக்குத் தாடை எலும்போட உள் ஓரத்துல ரெண்டு விரலை வெச்சா கயிறு மாதிரி ஒண்ணு வழுக்கும். அதை லேசா எலும்போட அழுத்தி 15 செகண்ட் எண்ணி நாலால பெருக்குங்க. குதிரை நல்லா இருக்கும்போதே இதைப் பழகிடணும்.

இனி சூலை, அதாவது கோலிக். குதிரைக்கு வாந்தி எடுக்க வராது, உள்ள போனது பின்வழியாத்தான் போகணும். முன்னங்காலால தரையைச் சுரண்டும், திரும்பித் திரும்பி விலாவைப் பார்க்கும், மேலுதட்டைச் சுருட்டும், படுத்துப் புரளும். உடனே தீனியை எடுத்துடுங்க. விலாவுல காதை வெச்சுக் கேளுங்க: வழக்கமா குடல் கடமுடன்னு பேசிக்கிட்டே இருக்கும், சத்தமே இல்லைன்னா ஆபத்து. ஈறு கருஞ்சிவப்பா மாறினாலோ, நாடி 60 தாண்டினாலோ ஒரு நிமிஷமும் காத்திருக்காதீங்க. டாக்டர் வர்ற வரைக்கும் பத்துப் பதினஞ்சு நிமிஷம் மெதுவா நடத்தலாம். அமைதியா படுத்திருந்தா விட்டுடுங்க. மணிக்கணக்கா இழுத்துக்கிட்டு நடந்தா அது களைச்சுப் போகறதுதான் மிச்சம்.

பாட்டில்ல எண்ணெய் ஊத்தறதைப் பத்தி நானே சொல்லணும். இருபத்திரெண்டு வயசுல, வலியில இருந்த ஒரு கிழட்டுக் குதிரையோட தலையைத் தூக்கிப் பிடிச்சு நல்லெண்ணெய் ஊத்தினேன். பாதி நுரையீரலுக்குப் போயிடுச்சு. சூலை அன்னைக்கே சரியாச்சு, இருமல் மாசக்கணக்கா நிக்கல. எண்ணெய் கொடுக்கணும்னா டாக்டர்தான் மூக்கு வழியா டியூப் விட்டு வயித்துல இறக்கணும். மருந்துக்கடையில வாங்கி நீங்களே வலி ஊசி போடறதும் வேண்டாம். வலி மறைஞ்சிடும், குடல் முறுக்கிக்கிட்டது வெளிய தெரியாது.

அடுத்தது காலு. அன்பா இருக்கறவங்க பண்ற தப்பு கொள்ளும் வெல்லமும். தீனி மூட்டை அவிழ்ந்து கிடந்து குதிரை ஒரு ராத்திரி வயிறு முட்டத் தின்னுட்டா, அப்புறம் குளம்புக்குள்ள வீக்கம் வரலாம். முன்னங்காலை முன்னாடி நீட்டி, பாரத்தைப் பின்னாடி போட்டு நிக்கும். குளம்பு சுடும், குளம்புக்கு மேல பின்பக்கம் நாடி தடதடன்னு அடிக்கும். சூலைக்காவது நடத்தலாம், இதுக்கு நடத்தவே கூடாது. ஐஸ் தண்ணியில காலை நிக்க வெச்சு டாக்டரைக் கூப்பிடுங்க. தின்னது தெரிஞ்சாலே கூப்பிடுங்க, நொண்டற வரைக்கும் பொறுக்காதீங்க.

மழைக்காலத்துல பெங்களூரு செம்மண் சேறு குளம்படியில அப்பிக்கும். அடியில முக்கோணமா ரப்பர் மாதிரி இருக்கற இடத்தோட பள்ளத்துல கறுப்பா கசிஞ்சு, அழுகின நாத்தம் அடிச்சா கிருமி புகுந்திருக்கு. தினம் கொக்கியால சுரண்டிக் கழுவி, துணியால ஒத்தி, பீட்டாடின் தடவுங்க. படுக்கை ஈரமா இருந்தா எந்த மருந்தும் நிக்காது. லாடத்தை நாலு முதல் ஆறு வாரத்துக்கு ஒருக்கா மாத்துங்க. ஆணி குத்தினா ரணஜன்னி ஊசி, அதாவது டெட்டனஸ் ஊசி, எப்ப போட்டதுன்னு நோட்டைப் பாருங்க. குதிரையை அந்தக் கிருமி ரொம்ப சீக்கிரம் சாய்ச்சிடும்.

டாக்டர் நம்பர் போன்ல மட்டும் இருந்தா பத்தாது. எங்க லாயக் கதவுல பெயின்ட்லயே பெருசா எழுதியிருக்கோம், ராத்திரி காவல்காரர் கண்ணாடி இல்லாமலே படிப்பார்.