எத்தனை வயது என்பதற்கு முன், எதன் வயது?

பெங்களூரு லால்பாக்கில் கெம்பேகவுடா கோபுரம் நிற்கும் பாறைக்கு வயது சுமார் 3,000 மில்லியன் ஆண்டு. பாறைகளின் வயதைத் தமிழில் எழுதும்போது முதல் சறுக்கல் இங்கேயேதான். மில்லியன் பத்து லட்சம், பில்லியன் நூறு கோடி. ஆக 300 கோடி. ஒரு சுழி விட்டுப்போனால் 30 கோடியாகி, டைனோசர்களுக்கு அண்டை வீடாகிவிடும்.

சரி, 300 கோடி என்று எழுதியாயிற்று. உடனே ‘இந்தக் குன்று 300 கோடி ஆண்டுகளாக இங்கே நிற்கிறது’ என்று சேர்த்துவிடாதீர்கள். அது நைஸ் பாறை. பூமிக்குள் பல கிலோமீட்டர் ஆழத்தில் வெந்து நெளிந்து உருவானது. மேலே கிடந்தது அரித்துப்போன பிறகே வெயிலைப் பார்த்தது. பாறை கிழடு, குன்று இளசு.

கிட்டப்போய்ப் பாருங்கள்: வெள்ளையும் கறுப்புமாகப் பட்டைகள். அவற்றைக் குறுக்கே வெட்டிக்கொண்டு ஒரு வெளிர் நரம்பு ஓடினால், நரம்பு பிந்தையது. வெட்டுப்பட்டது முன்பே இருந்திருக்க வேண்டும் அல்லவா? ஒரு முழக் கல்லிலேயே இரண்டு வயது. தார்வார் கிராட்டான் (கர்நாடகத்தின் பெரும்பகுதிக்கு அடித்தளமான பழம்பெரும் நிலத்துண்டு) முழுவதற்கும் ஒரே எண்ணைப் போடுவது எவ்வளவு தப்பு என்று பார்த்துக்கொள்ளுங்கள். ராமநகரக் குன்றுகளின் குளோஸ்பெட் கிரானைட்டுக்கு 250 கோடிதான்.

கார்பன் முறையில் கணக்கிட்டதாக எழுதுகிறவர்களும் உண்டு. அது 50,000 ஆண்டுக்கு மேல் செல்லாது. உயிர் இருந்த பொருளுக்குத்தான் அது. இங்கே கைகொடுப்பது சிர்கான், மணல் துணுக்கு அளவுப் படிகம். உருவாகும்போது யுரேனியத்தை உள்ளே விடும், ஈயத்தைக் கிட்டத்தட்ட அண்டவிடாது. பிற்பாடு உள்ளே ஈயம் இருந்தால் அது யுரேனியம் சிதைந்து வந்தது. இரண்டின் விகிதமே வயதைச் சொல்லும். யுரேனியம்-238 பாதியாகக் குறைய 447 கோடி ஆண்டு. பூமியின் வயதுக்கே ஈடுகொடுக்கும் கடிகாரம்.

ஆனால் சிர்கான் லேசில் அழியாது, அதுதான் வம்பு. மேற்கு ஆஸ்திரேலியாவின் ஜாக் ஹில்ஸில் 440 கோடி ஆண்டுச் சிர்கான் கிடைத்தது. அது பதிந்திருந்த கூழாங்கல் பாறைக்கோ சுமார் 300 கோடி. தாய்ப்பாறை கரைந்துபோய், படிகம் மட்டும் ஆற்றோடு வந்து படிந்தது. ‘உலகின் மிகப் பழைய பாறை’ என்று அதற்குத் தலைப்பு வைப்பது, பழைய வீட்டுக் கதவை மாட்டிய புது வீட்டுக்குக் கதவின் வயதைச் சொல்வதுபோல. அப்புறம், ஒரே சிர்கானில் நடுவுக்கு ஒரு வயது, பின்னால் வளர்ந்த ஓரத்துக்கு வேறொரு வயதும் இருக்கும். எந்த இடத்தில் அளந்தார்கள் என்று பாருங்கள்.

கடைசியாக, கடைக்காரர் சொல்லும் ‘பிளாக் கிரானைட்’. சமையலறை மேடையில் பளபளக்கும் அந்தக் கறுப்புக் கல் பெரும்பாலும் டோலரைட் அல்லது காப்ரோ, கிரானைட் அல்லாத வேறு பாறைகள். விலை கேட்கும்போது கிரானைட் என்றே கேளுங்கள், பரவாயில்லை, கட்டுரையில் வேண்டாம்.