ராணி அறையைக் கிள்ளும் முன்: குடி பிரியும் காலத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

குமரி மாவட்டத்தில் ஐப்பசி மழை கொஞ்சம் இடைவெளி விட்டதும் தேனீப் பெட்டிகள் மளமளவென்று பெருகத் தொடங்கும். அக்டோபரில் ஆரம்பித்து ஜனவரி வரை குடி பிரியும் காலம், அதாவது பழைய ராணி பெட்டியிலுள்ள தேனீக்களில் ஒரு பெரும் பகுதியைக் கூட்டிக்கொண்டு வேறிடம் போகும் காலம். ஆனால் தேன் வருவது அதற்கு அப்புறம்தான். ரப்பர் மரம் இலை உதிர்த்துப் புதுத் தளிர் விடும்போது, மூன்று இலைகளும் காம்போடு சேருகிற இடத்தில் சுரக்கும் இனிப்பைத்தான் தேனீ எடுக்கிறது. ஜனவரி முதல் மார்ச் வரை அதுதான் நமக்கு அறுவடை. அந்த நேரத்தில் உழைக்க வேண்டிய கூட்டம் நவம்பரிலேயே பாதியாகப் பிரிந்து அயனி மரப் பொந்துக்குப் போய்விட்டால், பெட்டி இருக்கும், தேன் இருக்காது.

எறும்பு ஏறாமல் தாங்கியின் காலுக்குத் தண்ணீர்க் கிண்ணம் வைப்பது, புகையை அளவாகப் போடுவது இதெல்லாம் எல்லாருக்கும் தெரியும், விட்டுவிடுகிறேன். மார்த்தாண்டம் பக்கம் புதிதாகப் பெட்டி வைப்பவர்கள் வருடா வருடம் செய்கிற, ஒரு காலத்தில் நானும் செய்த தவறுகளை மட்டும் சொல்கிறேன். நான் பேசுவது நம் ஊர் இந்தியத் தேனீயைப் பற்றி. இத்தாலியத் தேனீ வைத்திருப்பவர்களுக்கு நாள் கணக்கு சற்று மாறும்.

கண்டதும் கிள்ளுவது

இன்றைக்கும் எனக்கு எரிச்சல் வருவது இந்தத் தவறைப் பார்த்தால்தான். ராணி அறை என்பது புது ராணி வளர்வதற்காகத் தேனீக்கள் அடையில் தொங்கும்படி கட்டும் பெரிய அறை. "ராணி அறையைக் கண்டால் கிள்ளி எறி, குடி பிரியாது" என்று எந்தப் பயிற்சி வகுப்பில் யார் சொல்லத் தொடங்கினார்களோ, வருகிறவர்கள் எல்லாரும் இந்த ஒரு வரியை மட்டும் மனப்பாடம் செய்துகொண்டு வருகிறார்கள்.

அருமனைப் பக்கம் ஒரு தம்பி, பெட்டி வாங்கி முதல் வருடம். நவம்பரில் ஒருநாள் கூப்பிட்டார். "அண்ணா, ஒரு பெட்டியில ராணி அறை நிறைய இருந்துச்சு. ஒண்ணு விடாம கிள்ளிட்டேன். இனி பிரியாதுல்ல?"

"ராணியப் பாத்தீங்களா?"

"இல்லண்ணா. அது உள்ளதான் இருக்கும்."

"முட்டை இருந்துதா?"

பதில் இல்லை. போய்த் திறந்து பார்த்தேன். மூடிய புழு அடை (வளர்ந்த புழுவை உள்ளே வைத்து மெழுகால் மூடிய அடை) இருந்தது, தேன் இருந்தது, முட்டையும் இல்லை, இளம்புழுவும் இல்லை. கிள்ளிப் போட்ட ராணி அறைகள் மண்ணில் கிடந்தன. நுனியில் மெழுகு சுரண்டப்பட்டுப் பழுப்பு நிறம் தெரிந்தது, அதாவது ராணி வெளியே வர ஒருநாள்கூட இருந்திருக்காது. பக்கத்து வீட்டு அம்மா வேலியோரம் நின்று, "போன வாரமே எங்க பலாவுல ஒரு கூட்டம் தொங்கிட்டுப் போச்சே" என்றார்.

பழைய ராணி பொதுவாக முதல் ராணி அறை மூடப்படும் சமயத்திலேயே பெரும் கூட்டத்தோடு கிளம்பிவிடும். மழை பிடித்தால் ஓரிரு நாள் தள்ளிப் போகும், அவ்வளவுதான். முட்டை இட்டதிலிருந்து ராணி அறையை மெழுகால் மூட ஏறக்குறைய எட்டு நாள், மூடியபின் ராணி வெளிவர இன்னும் ஏழெட்டு நாள். ஆகவே மூடிய ராணி அறையை நீங்கள் பார்க்கும்போது பழைய ராணி போய்விட்டிருக்கவே வாய்ப்பு அதிகம். அந்த நேரத்தில் எல்லா அறைகளையும் கிள்ளினால், மிஞ்சிய கூட்டத்துக்கு ராணி கிடைக்கிற வழியை நீங்களே அடைக்கிறீர்கள். முட்டையோ, மூன்று நாளுக்கு உட்பட்ட இளம்புழுவோ இருந்தால் பணித்தேனீக்கள் அதிலிருந்து இன்னொரு ராணியை வளர்த்துக்கொள்ளும். ராணி போய் ஒரு வாரம் ஆன பெட்டியில் அது எங்கே இருக்கும்?

அப்புறம் பணித்தேனீக்களே முட்டையிடத் தொடங்கும். இந்தியத் தேனீயில் இது இத்தாலியத் தேனீயைவிடச் சீக்கிரம் வரும். ஒரே அறையில் இரண்டு மூன்று முட்டை, அதுவும் அடியில் இல்லாமல் பக்கச் சுவரில் ஒட்டியிருக்கும். கருவுறாத முட்டை என்பதால் ஆண் தேனீதான் வரும். வேலைக்கு ஆள் வராது, நாளுக்கு நாள் கூட்டம் சுருங்கும். அருமனைத் தம்பியின் பெட்டிக்கு வேறு பெட்டியிலிருந்து முட்டை உள்ள சட்டம் (அடை கட்டியிருக்கும் மரச்சட்டகம்) வைத்துப் பார்த்தோம், ராணி அறை கட்டவே இல்லை. கடைசியில் ஊசியால் துளையிட்ட செய்தித்தாளை நடுவில் விரித்து, பலமான இன்னொரு பெட்டியோடு சேர்த்துவிட்டோம். அந்த வருடம் அந்தப் பெட்டியிலிருந்து ஒரு சொட்டுத் தேன் இல்லை.

சரி, என்ன செய்வது? கையை அடக்கிக்கொண்டு முதலில் முட்டையைத் தேடுங்கள். வெயில் தோளுக்குப் பின்னாலிருந்து அடையில் விழும்படி நில்லுங்கள். இட்ட முதல் நாள் முட்டை நட்டுக்கொண்டு நிற்கும், மூன்றாம் நாள் படுத்துவிடும். நிற்கிற முட்டை இருந்தால் ராணி நேற்றோ இன்றோ அங்கே இருந்திருக்கிறது. ராணியையும் கண்ணால் பார்த்துவிட்டால், திறந்திருக்கும் ராணி அறைகளைக் கிள்ளலாம். ஆனால் அது சில நாள் தவணைதான். இடம் கொடுக்காமல் கிள்ளிக்கொண்டே இருந்தால் அவை கட்டிக்கொண்டே இருக்கும், அடையின் கீழ் விளிம்பில் தேனீக் கொத்துக்குள் ஒளிந்த ஓர் அறையை என்றைக்காவது தவற விடுவீர்கள். நாம் வைக்கும் நியூட்டன் வகைப் பெட்டியில் கீழே, புழு வளரும் பகுதியில் உள்ள ஏழு சட்டமும் நிறைந்துவிட்டால் பிரித்துவிடுவதுதான் புத்தி.

முட்டை இல்லை, ராணி இல்லை, மூடிய ராணி அறைகள் மட்டும் இருக்கின்றன என்றால் பழைய ராணி போய்விட்டது. நல்ல பருமனாக, நேராகத் தொங்கும் ஒன்றை விட்டுவிட்டு மற்றவற்றை எடுங்கள். எல்லாவற்றையும் விட்டால் வெளிவரும் கன்னி ராணி (இன்னும் இணைசேராத புது ராணி) ஒவ்வொன்றும் ஒரு கும்பலைக் கூட்டிக்கொண்டு போகும், கடைசியில் கைப்பிடித் தேனீதான் மிஞ்சும். பாதுகாப்புக்கு இரண்டு வைப்பவர்கள் உண்டு. நான் ஒன்றுதான் வைப்பேன்.

முட்டையும் இல்லை, ராணி அறையும் இல்லை என்ற நிலையும் உண்டு. பயந்துபோய் ராணி வாங்க ஓடாதீர்கள். கன்னி ராணி உள்ளே திரிந்துகொண்டிருக்கலாம். அது ஒல்லியாக இருக்கும், ஓடும், கண்ணில் படாது. வேறு பெட்டியிலிருந்து முட்டை உள்ள சட்டம் ஒன்றை வைத்து மூன்று நான்கு நாள் கழித்துப் பாருங்கள். அதில் ராணி அறை கட்டினால் ராணி இல்லை. கட்டாவிட்டால் பெரும்பாலும் ராணி இருக்கிறது, காத்திருங்கள். முன்பு சொன்னபடி பணித்தேனீ முட்டையிடும் பெட்டியும் ராணி அறை கட்டாமல் ஏமாற்றும், அதனால் பக்கச் சுவரில் முட்டை இருக்கிறதா என்று முதலிலேயே பார்த்துவிடுங்கள்.

பத்து நாளுக்கு ஒருமுறை திறப்பது

ஏழு நாளுக்கு ஒருமுறை திறக்க வேண்டும். ராணி அறை மூட எட்டு நாள் என்று மேலே சொன்ன கணக்கு எதற்கு என்று நினைத்தீர்கள்?

ராணி அறை உள்ள சட்டத்தை உதறுவது

தேனீயை விலக்க உதறினால் உள்ளே இருக்கும் கூட்டுப்புழு அடிபடும். இறக்கை கோணிய ராணி வரும். புகையாலோ மெல்லிய தூரிகையாலோ விலக்குங்கள்.

வாயிலில் ராணி தடுப்பைப் போட்டுவிட்டு மறந்துவிடுவது

பணித்தேனீ மட்டும் நுழையும், ராணி நுழைய முடியாத தடுப்பு இது. ஓரிரு நாளுக்கு மேல் கூடாது. கன்னி ராணி இணைசேரப் பறந்தாக வேண்டும். ஆண் தேனீக்களும் வெளியே போக முடியாமல் அங்கேயே செத்து வாயிலை அடைக்கும். சிலர் இன்னும் ஒருபடி மேலே போய் ராணியின் இறக்கையை வெட்டுகிறார்கள். ராணி பறக்க முடியாததால் கூட்டம் அன்றைக்குத் திரும்பி வரும். அடுத்த வாரம் கன்னி ராணியோடு போகும்.

டிசம்பர் கடைசியில் பிரிப்பது

ஒரு பெட்டியை இரண்டாக்கினால் கணக்கு இதுதான். மூடிய ராணி அறையோடு பிரித்தால் ராணி வெளிவர ஏறக்குறைய ஒரு வாரம். இணைசேர்ந்து முட்டையிட இன்னும் இரண்டு வாரம்வரை. அந்த முட்டை பணித்தேனீயாக வெளிவர ஏறக்குறைய மூன்று வாரம், அது வயலுக்குப் போக, அதாவது தேன் எடுக்க வெளியே பறக்க, மேலும் இரண்டு மூன்று வாரம். மொத்தம் இரண்டு மாதம். நவம்பர் தொடக்கத்தில் பிரித்தால் ஜனவரித் தளிருக்கு ஆள் தயார். டிசம்பர் கடைசியில் பிரித்தால் பிப்ரவரி முடியும்போதுதான் புதுப் பெட்டி வேலை தொடங்கும், அதற்குள் பாதித் தளிர் முற்றியிருக்கும். பெட்டி எண்ணிக்கை வேண்டுமா, தேன் வேண்டுமா என்று அக்டோபரிலேயே முடிவு செய்துகொள்ளுங்கள்.

பிரிக்கும்போது பழைய பெட்டியை அதே இடத்தில் வைத்துப் புதியதைத் தோட்டத்தின் மறு மூலையில் கொண்டு வைக்கிறார்கள். வயலுக்குப் போகும் தேனீ முழுதும் பழைய இடத்துக்கே திரும்பும், புதுப் பெட்டி வெறிச்சோடும். பழைய பெட்டியை அரை அடி இந்தப் பக்கமும் புதியதை அரை அடி அந்தப் பக்கமும் நகர்த்தி வைத்தால் இரண்டுக்கும் ஆள் பங்காகும். ஒரு பக்கம் அதிகம் போனால் அந்தப் பெட்டியை இன்னும் கொஞ்சம் தள்ளலாம்.

அடிக்கடி பிரியும் பெட்டியிலிருந்தே பெருக்குவது

ராணி அறை சும்மா கிடைக்கிறதே என்று அதையே எடுத்து எல்லாப் பெட்டிக்கும் வைப்பது. ஐந்தாறு சட்டம் நிறைவதற்குள் பிரிகிற குணம் அப்படியே தோட்டம் முழுக்கப் பரவும். நிறைய தேன் தந்து, அமைதியாக இருந்து, நோய்க்கும் தாங்குகிற பெட்டியில் ராணி வளர்க்கச் செய்வது கொஞ்சம் வேலைதான். அந்த வேலையைச் செய்யுங்கள்.

சர்க்கரைப் பாகு

மழைக்காலப் பஞ்சத்தில் வேண்டும். மகரந்தம் தாராளமாக வரத் தொடங்கியபின் ஊற்றினால் முட்டையிட இடமில்லாமல் பாகு நிரம்பும், அதுவே பிரியத் தூண்டும்.

பிடித்த கூட்டத்தை வெறும் பெட்டியில் விடுவது

மரத்தில் தொங்கும் கூட்டம் வயிறு நிறையத் தேனோடு இருக்கும், பெரும்பாலும் கொட்டாது. பிடிப்பது எளிது, தங்க வைப்பதுதான் கஷ்டம். மாலையில் பெட்டியில் விட்டு, திறந்த புழு உள்ள சட்டம் ஒன்றை நடுவில் வையுங்கள். புழுவை விட்டுவிட்டு அவை எளிதில் போகாது. அந்தச் சட்டம் எந்தப் பெட்டியிலிருந்து வருகிறது என்பதில் கவனம் வேண்டும். 1991-92இல் தாய்லாந்து சாக்புரூட் வைரஸ் நோய் பரவி நம் மாவட்டத்திலும் கேரளத்திலும் பெரும்பாலான இந்தியத் தேனீக் குடும்பங்கள் அழிந்துபோயின. அடையில் தலை தூக்கிச் செத்து, பை போல நீர் கோத்த புழு ஒன்று கண்ணில் பட்டாலும் அந்தப் பெட்டியிலிருந்து எந்தச் சட்டத்தையும் எடுக்காதீர்கள். மறுநாள் காலையிலேயே ஆர்வத்தில் திறந்தும் பார்க்காதீர்கள். மகரந்தத்தோடு தேனீ உள்ளே போகிறதா என்று வாயிலில் நின்று பார்த்தால் போதும், நான்கைந்து நாள் கழித்துத் திறக்கலாம்.