கவுதாரி இறகு ஈ: கட்டுவதிலும் திருத்துவதிலும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

இங்கிலாந்தின் யார்க்‌ஷயரில், வார்ஃப் ஆற்றில் ட்ரவுட் மீன் பிடிக்க, தூண்டில் முள்ளில் நூலும் இறகும் சுற்றிப் பூச்சி போலச் செய்யும் தூண்டில் ஈயைத் தாமே கட்டத் தொடங்கியிருக்கும் நண்பர்கள் சிலர், மார்ச் 25-இல் பருவம் திறந்தது முதல் தங்கள் ஈப் பெட்டிகளை என்னிடம் கொண்டுவந்து காட்டி வருகிறார்கள். திறக்கும் பெட்டியிலெல்லாம் நான் முதலிரண்டு ஆண்டுகளில் கட்டிய ஈக்களே கிடக்கின்றன. நூல் அறுவது, முடிச்சு அவிழ்வது போன்றவை கை பழகப் பழகத் தாமே சரியாகிவிடும் என்பதால் அவற்றை இங்கே எழுதவில்லை.

எடுத்துக்காட்டாக ‘பார்ட்ரிட்ஜ் அண்ட் ஆரஞ்ச்’ என்ற பழைய வட இங்கிலாந்து ஈயையே எடுத்துக்கொள்கிறேன். முள்ளின் தண்டில் ஆரஞ்சுப் பட்டு நூல், அதற்கு முன்னால் சாம்பல் கவுதாரியின் பழுப்பு முதுகிறகில் இரண்டு சுற்று. இவ்வளவுதான் அந்த ஈ. வாலும் இல்லை, சிறகும் இல்லை. இந்த வகை ஈக்களைச் ‘சிலந்தி’ என்று அழைத்தாலும், இவை நீர்ப்பரப்பை நோக்கி எழும் பூச்சிகளைத்தான் நினைவூட்டுகின்றன.

உலர்ந்த நிறத்தை நம்புவது

கடையில் நூற்கண்டைப் பார்த்து நிறம் தேர்ந்தெடுக்கிறவர்கள், மீன் அந்த நிறத்தை ஒருபோதும் பார்ப்பதில்லை என்பதை மறந்துவிடுகிறார்கள். பளிச்சென்ற ஆரஞ்சுப் பட்டு, நனைந்ததும் முள்ளின் கருமை ஊடுருவித் தெரிய, செம்பழுப்பாக மாறிவிடும். கட்டிய ஈயை ஒரு கண்ணாடிக் குவளைத் தண்ணீரில் அமிழ்த்தி, சன்னல் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்த பிறகே அடுத்ததைக் கட்டுங்கள்.

இறகை அதிகம் சுற்றுவது

இரண்டு சுற்று போதும். நான்கு சுற்றினால் அது பாட்டில் கழுவும் தூரிகை.

ஒரே நேரத்தில் மூன்றைத் திருத்துவது

இதைப் பற்றிப் பேசும்போது எனக்கு இன்றும் எரிச்சல் வருகிறது; பிறர் செய்வதைக் காண்பதால் வருவது பாதி, நான் செய்தது நினைவுக்கு வருவதால் வருவது மீதி.

ஒரு மே மாத மாலையில், 14-ஆம் எண் மெல்லிய கம்பி முள்ளில் நான் கோணல்மாணலாகக் கட்டியிருந்த ஈ ஒன்று ஒரு மணி நேரத்தில் மூன்று மீன்களைக் கொடுத்தது. அன்றிரவே அதை ‘மேம்படுத்த’ உட்கார்ந்தேன். இறகை ஒரு சுற்று கூட்டினேன். உடலின் மேல் தங்க நிறக் கம்பியைச் சுற்றினேன். வலுவாக இருக்கட்டும் என்று தடித்த கம்பி முள்ளுக்கு மாறினேன். பார்வைக்கு அவை முதல் ஈயைவிட எவ்வளவோ அழகாக இருந்தன. ஜூனில் ஆறு வற்றி, மீன்கள் பரப்புக்குச் சற்றுக் கீழே மேய்ந்துகொண்டிருந்தபோது, அந்த அழகு ஈக்களை ஒரு மீனும் ஏறிட்டுப் பார்க்கவில்லை. தங்கக் கம்பியே காரணம் என்று அதை நீக்கினேன். பிறகு நூலின் நிறத்தின் மேல் சந்தேகப்பட்டு அதையும் மாற்றினேன். செப்டம்பர் இறுதியில் பருவம் முடிந்தபோது பெட்டியில் முப்பதுக்கு மேற்பட்ட ஈக்கள் இருந்தன, அவற்றில் ஒன்றுகூட முதல் ஈயைப் போல இல்லை. அந்த முதல் ஈயோ எதிர்க்கரை ஆல்டர் மரக்கிளையில் எப்போதோ சிக்கிப் போயிருந்தது.

அடுத்த வசந்தத்தில் ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்த பின்பே, குற்றவாளி தடித்த முள் என்று தெளிந்தேன். அதன் எடை, மீன் மேயும் மட்டத்துக்குக் கீழே ஈயை இழுத்துச் சென்றிருக்கிறது. நான் முதலில் தண்டித்த தங்கக் கம்பி நிரபராதி. ஏப்ரலில் வெள்ளம் சற்று உயர்ந்து ஓடும்போது அதே தடித்த முள் நன்றாகவே வேலை செய்கிறது என்பதையும் அப்போதுதான் அறிந்தேன்.

ஆகவே, மீன் எடுத்த ஈயைப் பார்த்து அதே போல ஆறு கட்டி, அவற்றில் இரண்டை எக்காரணத்தைக் கொண்டும் நனைக்காமல் தனியே வையுங்கள். பிறகு ஒன்றை மட்டும் மாற்றி மூன்று கட்டி, தலையில் வேறு நிற வார்னிஷ் ஒரு பொட்டு வைத்துவிட்டால் ஆற்றங்கரையில் குழப்பம் வராது. பழையதையும் புதியதையும் ஒரே தூண்டில் நரம்பில் கட்டி ஒன்றாக வீசுங்கள். நுனியில் ஒன்று, பக்கக் கிளைகளில் இரண்டு என மூன்று ஈக்களைச் சேர்த்து வீசுவது இப்பகுதியின் பழைய வழக்கமே. ஆனால் நுனி ஈ ஆழத்திலும் மேல் ஈ பரப்பை ஒட்டியும் நீந்தும் என்பதால், அரை மணிக்கொரு முறை இடம் மாற்றிக் கட்டாவிட்டால், நீங்கள் ஒப்பிடுவது ஈக்களை அல்ல, ஆழங்களைத்தான். ஒரு மாலை வெறுங்கையோடு திரும்பியதை வைத்துக்கொண்டு எந்த ஈக்கும் தீர்ப்பு எழுதாதீர்கள். அன்று மீன்கள் மேயவே இல்லாமல் இருந்திருக்கலாம்.

விலை உயர்ந்த சேவல் தோல்

நீரில் மிதக்கும் உலர் ஈ கட்டுவோருக்கு அதன் இறகு தேவை. மிதக்காத இந்த ஈக்கு வேண்டாம்.

நீண்ட உடல்

பட்டு நூல் முள்முனைக்கு நேர் மேலே நின்றுவிட வேண்டும். வளைவு வரை இழுத்தால் உருவம் பருத்து, ஒரு எண் பெரிய ஈயைப் போலத் தெரியும்.

காதை அடைப்பது

முள்ளின் காதுக்குப் பின்னால் ஒரு காதளவு இடத்தை விட்டுவிட்டு இறகைக் கட்டுங்கள். விடாதவர்கள், இருட்டும் நேரத்தில் குளிரில் விறைத்த விரல்களோடு, வார்னிஷ் அடைத்த துளைக்குள் நரம்பை நுழைக்க முயல்வார்கள்.