ஆஃப் என்றால் அணைப்பது மட்டுமா?

கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் வேலைக்குப் போகிறவர்களுக்கு மாலையில் ஆங்கிலம் சொல்லித் தருகிறேன். சென்ற ஆண்டு ஓர் அண்ணன் படிக்க வந்தார். ஒரு கொண்டோ அடுக்குமாடியில் இரவு ஜாகா வேலை, அதாவது காவல் வேலை. ஒருநாள் வேலையிடப் பதிவேட்டைக் கைப்பேசியில் படம் பிடித்து வந்து காட்டினார். 'தி அலாரம் வென்ட் ஆஃப் அட் 2.10' என்று எழுதியிருந்தார். 1.50க்கு அலறத் தொடங்கிய அலாரம் 2.10க்கு நின்றது என்பதுதான் அவர் சொல்ல வந்தது. மேலாளரோ 2.10க்குத்தான் அடித்தது என்று படித்துவிட்டு, "1.50க்கே சத்தம் கேட்டதாம், இருபது நிமிடம் எங்கே போனாய்?" என்று கேட்டிருக்கிறார். முதல் சத்தத்திலேயே மாடி ஏறி ஓடிய மனிதர் அவர். படத்தைக் காட்டும்போது அவர் குரல் உடைந்துபோனது.

அலாரம் 'வென்ட் ஆஃப்' என்றால் அடித்தது. வெடியோ துப்பாக்கியோ என்றால் வெடித்தது. ஆனால் விளக்கு 'வென்ட் ஆஃப்' என்றால் அணைந்தது, பால் என்றால் கெட்டுப்போனது. அதனால் பதிவேட்டில் எழுதும்போது 'ஸ்டார்ட்டட்', 'ஸ்டாப்ட்' என்று பச்சையாக எழுதிவிடுங்கள். அண்ணனும் இப்போது அப்படித்தான் எழுதுகிறார்.

நமக்கு இந்தச் சொல் சுவிட்ச் வழியாக வந்ததால், அணைப்பது என்ற ஒரு பொருளிலேயே நின்றுவிட்டோம். ஆங்கிலத்தில் இதன் அடிப்படை, ஒன்றைவிட்டு விலகுவது. சட்டையிலிருந்து பொத்தான் விழுந்தாலும் ஆஃப், விலையிலிருந்து பணம் கழிந்தாலும் ஆஃப். நூறு வெள்ளி (ரிங்கிட்) விலையுள்ள சேலைக்கு 30 விழுக்காடு ஆஃப் என்றால் எழுபது வெள்ளி கொடுக்க வேண்டும். ஒரு எஃப் போட்டு எழுதும் 'ஆவ்' என்ற சொல்லும் ஆதியில் இதேதான். 17ஆம் நூற்றாண்டில்தான் இரண்டும் உறுதியாகப் பிரிந்தன. காலணியைக் கழற்றச் சொல்லி வாசலில் அறிவிப்பு ஒட்டுகிறவர்கள் இரண்டு எஃப் இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

'ஆஃப் தி லைட்' என்று இங்கே மலேசியாவில் எல்லா இனத்தாரும் பேசுகிறோம். பேச்சில் போகட்டும், பள்ளி இறுதித் தேர்வான எஸ்பிஎம் கட்டுரையில் எழுதினால் மதிப்பெண் போகும். தமிழிலேயே நாம் வெறும் ஆஃப் சொல்வதில்லையே, 'ஆஃப் பண்ணு' என்று ஒரு வினையைச் சேர்க்கிறோம். அந்தப் 'பண்ணு' இருக்கும் இடத்தில் ஆங்கிலத்துக்கு 'டர்ன்' அல்லது 'சுவிட்ச்' வேண்டும். அப்புறம், தீயை அணைப்பதற்கு ஆஃப் வராது; அதற்கு 'புட் அவுட்'. 'புட் ஆஃப்' என்றால் தள்ளிப்போடுவது.

இதில் கல்யாண வீடுகள் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். 'புட் ஆஃப்' என்றால் கல்யாணம் வேறு தேதிக்குப் போகிறது. 'கால்ட் ஆஃப்' என்றால் கல்யாணமே நின்றுவிட்டது. மண்டபம் கிடைக்காமல் ஒரு மாதம் தள்ளிவைத்த வீட்டார் குடும்பக் குழுவில் இரண்டாவதை எழுதிவிட்டால், பினாங்கு அத்தையிலிருந்து ஈப்போ சித்தப்பா வரை பெண் வீட்டுக்குத் துக்கம் விசாரிக்கத் தொடங்கிவிடுவார்கள். பாவம், அந்தப் பெண்.

விடுமுறை கேட்கும்போது சொல் நிற்கும் இடம் முக்கியம். 'டேக் ஃப்ரைடே ஆஃப்' என்றால் வெள்ளிக்கிழமை வேலைக்கு வரமாட்டேன். 'டேக் ஆஃப் ஆன் ஃப்ரைடே' என்றால் விமானம் போல வெள்ளிக்கிழமை கிளம்புகிறேன் என்றாகிவிடும். நாம் 'ஆஃப் டே' என்று சொல்லும் வார ஓய்வுக்கு, 1955ஆம் ஆண்டின் வேலைச் சட்டம் வைத்திருக்கும் பெயர் 'ரெஸ்ட் டே'. மேலிடத்துக்குக் கடிதம் எழுதும்போது அந்தப் பெயரையே எழுதுவது நல்லது.

கடைசியாக, முகவரி. 'ஆஃப் ஜாலான் துன் சம்பந்தன்' என்று இருந்தால் கடை அந்தப் பெரிய சாலையில் இல்லை, அதிலிருந்து பிரியும் ஏதோ ஒரு சிறிய சாலையில் இருக்கிறது. பெரிய சாலையிலேயே மேலும் கீழும் சுற்றிக்கொண்டிருக்காமல், எந்தச் சந்தில் திரும்ப வேண்டும் என்று கடைக்காரரிடம் போன் போட்டுக் கேட்டுவிடுங்கள்.